நியூ கினி மலைநாட்டின் ஆதிக் குடியிருப்புகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உலகில் பயிர்த்தொழில் தானாகவே தோன்றிய இடங்கள் மிகச் சில. மேற்காசியா, சீனா, மெக்சிகோ என்று பட்டியல் போடுகிறவர்கள் நியூ கினியின் மலைப் பள்ளத்தாக்குகளை மறந்துவிடுகிறார்கள். அங்கே கோட்டை இல்லை, எழுத்துப் பொறித்த பானை ஓடு இல்லை. மண்ணில் வெட்டிய கால்வாய்தான் சான்று. அந்த மண்ணைப் படிக்கத் தொல்லியலாளர்களுக்கு அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருக்கிறது. இது பற்றி எழுதும்போதெல்லாம் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்லியிருக்கிறேன்.

மலைநாடு என்று எந்தப் பகுதியைச் சொல்கிறீர்கள்?

ஆஸ்திரேலியாவுக்கு வடக்கே இருக்கும் பெரிய தீவு நியூ கினி. கிழக்குப் பாதி பப்புவா நியூ கினி என்ற தனி நாடு, மேற்குப் பாதி இந்தோனேசியாவைச் சேர்ந்தது. தீவின் முதுகெலும்பாகக் கிழக்கு மேற்காக ஒரு மலைத்தொடர் ஓடுகிறது. பப்புவா நியூ கினிப் பகுதியில் அதன் உச்சி 4,509 மீட்டர் உயரமுள்ள வில்ஹெல்ம் மலை. சிகரங்களுக்கு இடையே சுமார் 1,400 முதல் 2,000 மீட்டர் உயரத்தில் அகலமான பள்ளத்தாக்குகள் இருக்கின்றன. குளிர்ந்த காற்று, நல்ல மழை, கடற்கரையோடு ஒப்பிட்டால் மலேரியா மிகக் குறைவு. அதனால்தான் மக்கள்தொகை மலையிலேயே அடர்ந்திருக்கிறது.

அங்கே இவ்வளவு மக்கள் வாழ்வது வெளியுலகுக்கு எப்போது தெரிந்தது?

1930-களில்தான். 1930-இல் தங்கம் தேடிப் போன மைக் லீஹியும் மைக் டுவயரும் மலைகளைக் கடந்தார்கள். 1933-இல் லீஹி சகோதரர்களும் அரசு அதிகாரி ஜிம் டெய்லரும் வாகிப் பள்ளத்தாக்குக்குள் நுழைந்தார்கள். ஆளில்லாக் காடு என்று வரைபடத்தில் கிடந்த இடத்தில் அவர்கள் கண்டது கட்டம் கட்டமான தோட்டங்கள், வடிகால்கள், வேலிகள், லட்சக்கணக்கில் மக்கள்.

அதற்குப் பிறகும் அறிஞர்களிடையே ஓர் எண்ணம் பலமாக இருந்தது. இம்மக்கள் மலைக்கு வந்து அதிக காலம் ஆகியிருக்காது, சர்க்கரைவள்ளிக்கிழங்கு வந்த பிறகே இப்படிப் பெருகியிருப்பார்கள் என்பது. மானிடவியலாளர் ஜேம்ஸ் வாட்சன் 1960-களில் இதை ஒரு கருதுகோளாகவே முன்வைத்தார். நியாயமான கருதுகோள்தான். ஆனால் மண்ணைத் தோண்டிப் பார்த்தபோது கதை வேறாக இருந்தது.

முதலில் ஆய்வு செய்தது யார்?

சூசன் பல்மர். 1959–60-இல் கியோவா, யூக்கு என்ற இரண்டு பாறை ஒதுக்கிடங்களில் அகழ்ந்தார். மலைநாட்டில் முறையாக நடந்த முதல் அகழாய்வுகள் இவை. கியோவாவில் மனிதர்கள் தங்கியதற்கான தடயங்கள் பனியூழியின் இறுதிவரை பின்னோக்கிப் போயின. "அண்மையில் வந்தவர்கள்" என்ற எண்ணத்துக்கு முதல் அடி அங்கேயே விழுந்தது. அடுத்து பீட்டர் வைட் கஃபியவானா முதலிய இடங்களில் தோண்டினார். கிழக்கு மலைநாட்டில் வர்ஜீனியா வாட்சனும் டேவிட் கோலும் திறந்தவெளி இடங்களைத் தேடிப் பதிவு செய்தார்கள். நோம்பே குகையில் மேரி-ஜேன் மவுண்டன் 1970-களில் விரிவாக வேலை செய்தார். இந்தத் துறையின் அடித்தளத்தில் பெண் ஆய்வாளர்களின் உழைப்பு நிறைய இருக்கிறது. பேசும்போது அவர்கள் பெயர் விடுபட்டுவிடுவது எனக்கு வருத்தம்.

மேற்பரப்பாய்வை அங்கே எப்படிச் செய்கிறார்கள்? நடந்து போய் ஓடு பொறுக்குவதா?

வறண்ட ஊர்களில் அப்படிச் செய்யலாம். கம்மாய்க்கரையிலும் உழுத புஞ்சையிலும் குனிந்து பார்த்தாலே ஏதாவது கிடைக்கும். நியூ கினி மலையில் தரையே கண்ணுக்குத் தெரியாது. ஆளுயரக் குனாய்ப் புல் மூடியிருக்கும், இல்லாவிட்டால் காடு. ஆண்டு முழுக்க மழை. சரிவுகளில் மண் சரிந்து பழைய தரை ஆழத்தில் புதைந்துவிடும். மண்ணின் அமிலத்தன்மை எலும்பைக் கரைத்துவிடும். பெரும்பாலான மலைப்பகுதிகளில் பானை செய்யும் வழக்கமும் இல்லாததால் ஓடும் கிடைக்காது.

ஆகவே வேறு யாரோ, வேறு எதற்கோ வெட்டிய இடத்தைத் தேடிப் போக வேண்டும். புதிதாகக் கொத்திய கிழங்குப் பாத்தி, சாலைக்காக அறுத்த மேடு, சிறு விமானங்கள் இறங்கும் ஓடுதளத்தின் விளிம்பு, கட்டடத்துக்குத் தோண்டிய அடித்தளம், பன்றி கிளறிய மண் என்று எது திறந்திருந்தாலும் அது ஆய்வாளருக்குச் சன்னல். கோசிப்பே என்ற முக்கியமான இடம் கத்தோலிக்க மிஷன் கட்டட வேலைக்காகத் தோண்டியபோது தெரியவந்ததுதான்.

அப்புறம், ஊர்க்காரர்களிடம் கேட்பது. எந்தப் பாறையடியில் தாத்தாக்கள் வேட்டைக்குப் போகும்போது தங்கினார்கள், எந்த மேட்டில் பழைய ஊர் இருந்தது, யார் தோட்டத்தில் விசித்திரமான கல் கிடைத்தது என்பதெல்லாம் அவர்களுக்குத் துல்லியமாகத் தெரியும். வான்வழிப் படங்கள் இன்னொரு கருவி. தூர்ந்துபோன வடிகால்கள் தரையில் நிற்பவருக்குத் தெரியாது, மேலிருந்து எடுத்த படத்தில் கோடுகளாகத் தெரியும். கூடவே சதுப்பில் நீண்ட குழாயை இறக்கி மண்ணை உருவி எடுப்பார்கள். அதில் அடுக்கடுக்காகப் படிந்த மகரந்தமும் கரித்துகளும் காடு எப்போது எரிந்தது, புல் எப்போது பரவியது என்று சொல்லும்.

இதுவரை கிடைத்ததில் மிகப் பழைய இடம் எது?

இவானே பள்ளத்தாக்கு. தீவின் தென்கிழக்கே ஓவன் ஸ்டான்லி மலைத்தொடரில், சுமார் 2,000 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. முன்னே சொன்ன கோசிப்பேயும் அங்கேதான். கிளென் சமர்ஹேஸ் தலைமையிலான குழு 2010-இல் வெளியிட்ட முடிவுகளின்படி அங்கே மனிதர்கள் ஏறத்தாழ 49,000 முதல் 44,000 ஆண்டுகளுக்கு முன்பே இருந்திருக்கிறார்கள்.

இந்த எண்ணைப் படித்துவிட்டு அடுத்ததற்குத் தாவிவிட வேண்டாம். அன்றைக்குக் கடல்மட்டம் தாழ்ந்து நியூ கினியும் ஆஸ்திரேலியாவும் ஒரே நிலப்பரப்பாக இருந்தன. ஆனால் ஆசியாவிலிருந்து அங்கே வரத் திறந்த கடலைத் தாண்டியாக வேண்டும். அப்படி வந்த மக்கள் வெகுகாலம் கடற்கரையோடு நின்றுவிடவில்லை. இன்றையதைவிடப் பல டிகிரி குளிர்ந்திருந்த மலைக்கு ஏறியிருக்கிறார்கள்.

அவ்வளவு குளிரில் எதற்காக மேலே போனார்கள்?

உணவுக்காக. இவானேயில் கிடைத்தவற்றில் கருகிய கொட்டை ஓடுகள் உண்டு. தாழை இனத்தைச் சேர்ந்த மலை மரத்தின் கொட்டை அது. எண்ணெய்ச் சத்து மிகுந்தது, மலைமக்கள் இன்றும் விரும்பி உண்பது. கல் கருவிகளின் விளிம்பில் ஒட்டியிருந்த மாவுச்சத்துத் துகள்களைப் பார்த்தபோது அவை வள்ளிக்கிழங்குடையவை என்று தெரிந்தது. இது சர்க்கரைவள்ளி அல்ல, பெருவள்ளி, ராசவள்ளி வகையறா. குளிரான அந்த உயரத்தில் வள்ளி வளராது என்பதால் கீழிருந்து எடுத்து வந்திருக்க வேண்டும் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அதாவது ஒரே கூட்டம் பல உயரங்களுக்கு இடையே ஏறி இறங்கிப் பிழைத்திருக்கிறது.

"இடை குறுகிய கோடரி" என்கிறார்களே, அது என்ன?

கனமான தட்டைக் கல். இரண்டு பக்கமும் நடுவில் கொத்திக் குறுக்கியிருப்பார்கள். அந்த இடுப்பில் கொடியைச் சுற்றிக் கைப்பிடியோடு கட்டியிருக்கலாம். கோசிப்பேயிலும் இவானேயின் மற்ற இடங்களிலும் இவை கிடைத்திருக்கின்றன. கடலோரமாக ஹூவான் தீபகற்பத்திலும் 40,000 ஆண்டுகளுக்கு முந்தைய படிவுகளில் இருக்கின்றன. எதற்கு என்பதில் ஒரே முடிவு இல்லை. மரங்களின் பட்டையைச் சுற்றிலும் உரித்துக் காயவைக்க, காட்டின் விளிம்பைத் திறந்து வெயிலை உள்ளே விட என்ற விளக்கம் எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. வெயில் விழும் இடத்தில் உண்ணத்தகுந்த செடிகள் தாமாகப் பெருகும். பயிரிடுவதற்கு வெகுகாலம் முன்பே காட்டைத் தங்களுக்கு ஏற்பத் திருத்தத் தொடங்கியிருக்கிறார்கள் என்று ஆகிறது.

குகைகளில் என்ன கிடைத்தது?

விலங்கு எலும்பு. சுண்ணாம்புப் பாறையின் கீழே மண் அமிலமாக இல்லாததால் அங்கே எலும்பு தப்பிப் பிழைக்கிறது. சிம்பு மாகாணத்தின் நோம்பே குகையில் இன்று பூமியிலேயே இல்லாத பெரிய கங்காரு இனங்களின் எலும்புகள் கிடைத்தன. ஒன்று கவனிக்க வேண்டும். குகைகள் பெரும்பாலும் வேட்டைக்குப் போகும் வழியில் இரவு தங்கிய இடங்கள். அவற்றை மட்டும் பார்த்தால் அம்மக்கள் வேட்டைக்காரர்கள் மட்டுமே என்று தோன்றிவிடும். அவர்களுடைய தோட்டம் இருந்தது சதுப்பின் ஓரத்தில்.

குக் சதுப்பு ஏன் இவ்வளவு பேசப்படுகிறது?

கதை தேயிலையில் தொடங்குகிறது. 1960-களில் வாகிப் பள்ளத்தாக்கின் சதுப்புகளைக் காயவைத்துத் தேயிலை போட ஆரம்பித்தார்கள். 1966-இல் மவுண்ட் ஹேகன் நகருக்கு அருகே வரவாவ் தோட்டத்தில் வடிகால் வெட்டியபோது, ஆழத்திலிருந்து மரத்தாலான தோண்டுகோல்களும் துடுப்பு வடிவ மண்வெட்டிகளும் பழைய வடிகால்களும் வெளிவந்தன. நீரில் ஊறிக் காற்றுப் படாமல் கிடந்ததால் மரம் மக்கவில்லை. ஒரு தோண்டுகோலின் வயது சுமார் 2,300 ஆண்டுகள் என்று கணிக்கப்பட்டது. சர்க்கரைவள்ளி வருவதற்கு வெகு முன்பே யாரோ சதுப்பில் வடிகால் வெட்டிப் பயிர் செய்திருக்கிறார்கள்!

கான்பெராவிலிருந்து வந்து அங்கே அகழ்ந்த ஜாக் கோல்சன், 1972 முதல் அதே பள்ளத்தாக்கில் குக் என்ற இடத்தில் பெரிய அளவில் வேலையைத் தொடங்கினார். அங்கேயும் அரசுத் தேயிலை ஆராய்ச்சி நிலையம் நீள நீளமாக வடிகால் வெட்டியிருந்தது. கோல்சன் குழு அந்த வடிகால்களுக்குள் இறங்கி, சுவர்களைச் சுரண்டிச் சுத்தம் செய்து, தெரிந்ததையெல்லாம் வரைந்தது. ஆய்வுக்குழியை முதலில் தோண்டாமல் தேயிலைக்காரர்கள் வெட்டிய கிலோமீட்டர் கணக்கான சுவரையே மேற்பரப்பாகக் கொண்டு நடந்த ஆய்வு இது.

அந்தச் சுவரில் தெரிவது இதுதான். மேலே இன்றைய தோட்டமண். அதற்குக் கீழே கறுப்பு மக்குமண். நடுநடுவே மெல்லிய எரிமலைச் சாம்பல் கோடுகள். இன்னும் கீழே வெளிறிய சாம்பல் நிறக் களிமண் அடுக்கு. மேட்டில் காடு அழிந்து மண் அரித்து வந்து படிந்தது அது என்று கோல்சன் கருதினார். இந்த அடுக்குகளைக் குறுக்கே வெட்டிக்கொண்டு வேறு நிற மண் நிரம்பிய கிண்ண வடிவங்கள் தெரியும். ஒவ்வொன்றும் ஒரு காலத்துக் கால்வாயின் குறுக்குவெட்டு. எந்தச் சாம்பல் கோடு அதற்கு மேலே தொடர்ந்து ஓடுகிறது, எந்தக் கோடு அதனால் அறுபட்டிருக்கிறது என்று பார்த்தால் எது முந்தியது, எது பிந்தியது என்பது விளங்கிவிடும்.

1990-களின் இறுதியில் டிம் டென்ஹாம் மீண்டும் அங்கே அகழ்ந்து பழைய முடிவுகளைச் சோதித்தார். இன்று ஓரளவு உறுதியாகச் சொல்லக்கூடிய வரிசை இது: சுமார் 7,000 முதல் 6,400 ஆண்டுகளுக்கு முன் மண்ணைக் குவித்து மேடாக்கிப் பயிரிட்டிருக்கிறார்கள், சுமார் 4,000 ஆண்டுகளுக்கு முன்பிருந்து வடிகால் வெட்டியிருக்கிறார்கள். 2008-இல் யுனெஸ்கோ குக்கின் 116 ஹெக்டேரை உலகப் பாரம்பரிய இடமாக அறிவித்தது.

10,000 ஆண்டு என்று சில இடங்களில் படித்தேனே?

குக்கின் அடியில் அந்தக் காலத்துக் குழிகளும் கம்பு நட்ட துளைகளும் ஒரு நீரோட்டத் தடமும் உண்டு. கல் கருவிகளில் சேப்பங்கிழங்கு, வள்ளி இவற்றின் மாவுத்துகளும் கிடைத்திருக்கிறது. கோல்சன் இதையும் பயிர்த்தொழில் என்றே எடுத்துக்கொண்டார். நீரோட்டத் தடம் இயற்கையாக அமைந்ததாக இருக்கலாம், கிழங்கு காட்டுச் செடியாக இருக்கலாம் என்று மறுப்பவர்களும் உண்டு. செடிகளைப் பேணிவந்தார்கள் என்பதை ஏற்கிறேன், முழு விவசாயம் என்று சொல்ல 7,000 ஆண்டுக் கணக்கே பாதுகாப்பானது. அதுவும் சின்ன எண் அல்லவே.

மேடு குவித்தால் விவசாயமாகிவிடுமா? என்ன பயிர் என்று எப்படித் தெரியும்?

மேட்டின் அமைப்பே ஒரு துப்பு. சேம்பு ஈரம் கேட்கும், வாழைக்கும் வள்ளிக்கும் வேரில் நீர் தேங்கக் கூடாது. மேட்டின் மேல் ஒன்று, இடையே ஓடும் பள்ளத்தில் இன்னொன்று என்று ஒரே நிலத்தில் கலந்து நடலாம். அதற்கு மேல் நேரடிச் சான்று பைட்டோலித். செடியின் உடலுக்குள் உருவாகும் நுண்ணிய சிலிக்காத் துகள் அது. செடி மக்கிய பிறகும் மண்ணில் நிற்கும், இனத்துக்கு இனம் வடிவம் மாறும். குக்கில் 7,000 முதல் 6,500 ஆண்டுப் பழமையான அடுக்குகளில் வாழையின் பைட்டோலித் மிகுதியாக இருக்கிறது. சுற்றிலும் காடு குறைந்து புல்வெளி பெருகிய காலம் அது. காட்டு வாழை தானாக அப்படிக் குவிந்திருக்காது, நட்டு வளர்த்திருக்கிறார்கள் என்பதே டென்ஹாம் குழுவின் முடிவு.

காலத்தை எப்படிக் கணிக்கிறார்கள்?

கரி கிடைத்தால் கரிமக் காலக்கணிப்பு. அது சுமார் 50,000 ஆண்டுவரைதான் உதவும். இவானே அந்த எல்லையை ஒட்டி இருக்கிறது.

இன்னொரு வழி எரிமலைச் சாம்பல். ஒரே வெடிப்பின் சாம்பல் பல பள்ளத்தாக்குகளில் ஒரே நேரத்தில் படியும். அதன் வேதியியல் கூறைப் பார்த்து அடையாளம் காணலாம். குக்கின் மேல் அடுக்குகளில் உள்ள டிபிட்டோ சாம்பல், வடக்குக் கடலில் உள்ள லாங் தீவு 17-ஆம் நூற்றாண்டில் வெடித்தபோது வந்தது. மலைமக்களிடம் "இருட்டுக் காலம்" பற்றிய கதைகள் பரவலாக உண்டு: பகலிலேயே இருள் சூழ்ந்தது, வானிலிருந்து மண் விழுந்தது, வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடந்தோம் என்று. ரசல் பிளாங் என்ற ஆய்வாளர் அவற்றைத் திரட்டி இந்த வெடிப்போடு பொருத்திக் காட்டினார். எழுத்தே இல்லாமல் முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக ஒரு நிகழ்வின் நினைவு வாய்மொழியாகக் கடந்து வந்திருக்கிறது. வாய்மொழி மரபை வெறும் கதை என்று தள்ளுகிறவர்களிடம் நான் எப்போதும் இதைத்தான் எடுத்துச் சொல்வேன்.

அப்படியானால் சர்க்கரைவள்ளிக்கு ஒரு பங்கும் இல்லையா?

பெரிய பங்கு இருக்கிறது. அமெரிக்காவில் பிறந்த கிழங்கு, இந்த மலைக்கு வந்து சுமார் 300 ஆண்டுகள் ஆகின்றன. சேம்பைவிட உயரமான இடத்திலும் வளம் குறைந்த மண்ணிலும் விளையும், பன்றிக்கும் நல்ல தீனி. மக்கள் மேலேறிப் பரவினார்கள், பன்றி வளர்ப்பு பெருகியது. ஆயினும் அது ஏற்கெனவே பல ஆயிரம் ஆண்டுகளாக மண்ணை ஆண்ட கைகளில் வந்து சேர்ந்த புதுப்பயிர்.

ஊர், வீடு, சிற்பம் எதுவுமே இல்லையா?

மலைமக்கள் தோட்டம் கொத்தும்போது கல்லுரலும் உலக்கையும் கிடைப்பது வெகுகாலமாகவே வழக்கம். சிலவற்றில் பறவைத் தலை செதுக்கியிருக்கும். யார் செய்தது என்று ஊரில் யாருக்கும் தெரியாததால் அவற்றை ஆவிகளின் பொருளாகக் கருதிச் சடங்குக்கு வைத்துக்கொள்வார்கள். காலம் தெரியாத பொருளாகவே அவை அருங்காட்சியகங்களில் கிடந்தன.

வாயிம் என்ற இடத்தில் பென் ஷா குழு அகழ்ந்து 2020-இல் வெளியிட்ட ஆய்வு இந்த முடிச்சை அவிழ்த்தது. சுமார் 5,000 முதல் 4,200 ஆண்டுகளுக்கு முற்பட்ட அடுக்கில், கம்பங்கள் நட்ட குழிகளோடு, உலக்கைத் துண்டுகளும் செதுக்கிய கல்முகத்தின் ஒரு பகுதியும் கோடரி செய்த தடயங்களும் கிடைத்தன. உலக்கையில் வள்ளி, பழம், கொட்டை ஆகியவற்றின் மாவுத்துகள். தென்கிழக்காசியாவிலிருந்து கடலோடிகள் வந்து சேர்வதற்கு ஓராயிரம் ஆண்டு முன்பே, வீடு கட்டிக் கல்லில் செதுக்கி வாழும் இந்த மாற்றம் மலையில் நடந்துவிட்டது. வெளியிலிருந்து யாரும் கற்றுக்கொடுக்கவில்லை.

மலைமக்கள் தனித்தே கிடந்தார்களா?

இல்லை. கஃபியவானாவில் கடற்சோழி கிடைத்திருக்கிறது, அதுவும் பல ஆயிரம் ஆண்டு ஆழத்தில். கைமாறிக் கைமாறி வந்திருக்கும். பிற்காலத்தில் வாகிப் பகுதியின் தூமான் கற்சுரங்கங்களிலிருந்து கோடரிகள் வெகுதூரம் போயின. அதை ஜான் பர்ட்டன் விரிவாக ஆராய்ந்திருக்கிறார்.

நமக்கு இதில் ஏதாவது தொடர்பு உண்டா?

இலையில் பரிமாறுகிற வாழையும் பொங்கல் பானையருகே நிற்கிற கரும்பும். இன்று உண்ணும் பல வாழை வகைகளின் மரபணுவில் நியூ கினியின் காட்டு வாழைக்குப் பங்கு உண்டு. கரும்பு அந்தத் தீவின் காட்டுக் கரும்பிலிருந்து வந்தது என்பது தாவரவியலாளர்கள் ஏற்ற முடிவு. அதியமானின் முன்னோர் கரும்பை இங்கே கொண்டுவந்தார்கள் என்று புறநானூற்றில் ஔவை பாடுகிறார். எங்கிருந்து என்று பாட்டில் இல்லை. ஆனால் கரும்பு வெளியிலிருந்து வந்த பயிர் என்ற நினைவு இங்கும் இருந்திருக்கிறது.

இந்த நிலமெல்லாம் யாருடையது? யாரிடம் அனுமதி கேட்க வேண்டும்?

பப்புவா நியூ கினியில் நிலத்தின் மிகப் பெரும்பகுதி குலங்களுக்குச் சொந்தம். போர்ட் மோர்ஸ்பியில் உள்ள தேசிய அருங்காட்சியகத்தின் ஒப்புதல் வேண்டும், அதோடு நிலத்துக்காரர்களின் சம்மதமும் வேண்டும். குக் கவெல்கா மக்களின் நிலம். அரசுக்குக் குத்தகையில் போயிருந்த அந்த நிலத்தில் ஆராய்ச்சி நிலையம் மூடப்பட்ட பிறகு அவர்களே மீண்டும் தோட்டம் போட்டு வாழ்கிறார்கள்.

குக்கிற்குப் போனால் என்ன பார்க்கலாம்?

தோட்டங்களை. அகழ்ந்த குழிகளெல்லாம் மூடப்பட்டுவிட்டன, சான்று முழுவதும் காலுக்கடியில்தான் இருக்கிறது. கவலை என்னவென்றால் ஆழமான புது வடிகால், ஆழவேர் விடும் மரம் இரண்டுமே கீழடுக்குகளைக் கெடுத்துவிடும். கவெல்கா மக்கள் பழைய முறையில் மேலோட்டமாகக் கொத்திப் பயிரிடும்வரை சான்றுக்கு ஆபத்து இல்லை. பாரம்பரிய இடம் என்ற பட்டத்தால் அவர்களுக்கு வருமானம் பெரிதாக வந்துவிடவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். காப்பவர்களுக்குப் பயன் போய்ச் சேராமல் காக்கச் சொல்வது நியாயமில்லை.

இன்னும் தேட வேண்டிய இடம் எது?

மேற்குப் பாதி. இந்தோனேசியப் பகுதி மலைகளில் அகழாய்வுகள் மிகக் குறைவு. பாலியம் பள்ளத்தாக்கின் சதுப்பில் எடுத்த மகரந்தச் சான்று, சுமார் 7,000 ஆண்டுகளுக்கு முன்பே அங்கே காடு குறையத் தொடங்கியதைக் காட்டுகிறது. குக்கின் மேட்டுப் பாத்திகளின் காலமும் ஏறக்குறைய அதுவே. அந்தச் சதுப்புகளின் ஓரத்தில் யாராவது வடிகால் வெட்டும்போது, பக்கத்தில் நின்று சுவரைச் சுரண்டிப் பார்க்க ஒரு தொல்லியலாளர் இருக்க வேண்டும்.